மதம்னு ஒரு கட்டம்

ரெண்டு மாசமா பதிவு எதுவும் போடல. நவரை நடவு, அப்புறம் களையெடுப்பு, நடுவுல மோட்டார் காயில் எரிஞ்சு போய் அதுக்கே ஒரு வாரம் ஓடிப்போச்சு. நெல்லு இப்போ பால் புடிக்கிற பருவத்துல இருக்கு, பாக்க நல்லாவே இருக்கு. ஆனா இந்தப் பதிவு வயலைப் பத்தினது இல்ல. மெட்ராஸ் போய் பெரிய பொண்ணைப் பாத்துட்டு வந்தேன், அதைப் பத்தி.

பொண்ணு டிகிரி முடிச்சுட்டு மயிலாப்பூர்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்குது. கோச்சிங் சென்டர் தி.நகர்ல. நாலு படி வேர்க்கடலை, ஒரு கட்டு முருங்கைக்கீரை, அவங்க அம்மா செஞ்ச அதிரசம் எல்லாம் பையில போட்டுக்கிட்டு செங்கல்பட்டுல எலக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். மாம்பலத்துல இறங்கி ரங்கநாதன் தெரு கூட்டத்துல பையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வெளியே வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு. எங்க ஊரு மொத்த ஜனத்தையும் அந்தத் தெருவுல ஒரு கடைக்குள்ள அடைச்சிடலாம்.

ஹாஸ்டலுக்குள்ள ஆம்பளைங்களை விடமாட்டாங்க. பையை அது ரூம்ல வச்சுட்டு வந்ததும் ரெண்டு பேரும் லஸ்ஸுல இருந்து கச்சேரி ரோடு வழியா சாந்தோம் பக்கம் நடந்தோம். கபாலீஸ்வரர் கோயில்ல பங்குனித் திருவிழா நெருங்குதுன்னு மாட வீதி பக்கம் பந்தல் வேலை நடந்துக்கிட்டு இருந்தது. எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமைங்கறதால சாயங்காலம் சிலுவைப்பாதைக்குப் போகலாம்னு பொண்ணு முன்னமே சொல்லியிருந்தது.

நடக்கும்போது சும்மா கேட்டேன், பரிட்சைக்கு அப்ளிகேஷன் போட்டாச்சான்னு. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மாமா போன் பண்ணாருப்பா. அந்தக் கட்டத்தைப் பத்தி திரும்பவும் பேசினாரு" அப்படின்னுச்சு.

அந்தக் கட்டம் என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். பரிட்சைக்குப் பதிவு பண்ணும்போது மதம் என்னன்னு ஒரு கட்டம், வகுப்பு என்னன்னு ஒரு கட்டம். நாங்க ஆதிதிராவிடர். எங்க தாத்தா காலத்துல இருந்து கத்தோலிக்க கிறிஸ்தவங்க. ஊருல எங்களை யாரும் கிறிஸ்தவன்னு தனியா பாத்தது கிடையாது, காலனின்னுதான் பாப்பாங்க. டீக்கடையில எங்க அப்பாவுக்குத் தனி கிளாஸ் வச்சப்போ, நீ சாமி கும்பிடறது சிவனையா மாதாவையான்னு கேட்டுட்டா வச்சாங்க? ஆனா சர்டிபிகேட்ல கிறிஸ்தவர்னு எழுதின உடனே நாங்க எஸ்.சி. இல்ல. தமிழ்நாட்டுல பி.சி. லிஸ்ட்ல, ஆதிதிராவிடர்ல இருந்து மதம் மாறின கிறிஸ்தவர்னு ஒரு வரி இருக்கும், அதுல வருவோம். மாறினது எங்க தாத்தா. மாறினவர்னு எழுதிக்கிட்டிருக்கறது என் பொண்ணு, பொறந்து மூணாவது மாசமே ஞானஸ்நானம் வாங்கினது.

இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி குடியரசுத் தலைவர் போட்ட ஆணை. இந்து மதத்தைச் சேராதவங்களை எஸ்.சி.யா கருதக் கூடாதுன்னு அதுல மூணாவது பத்தி. 1956-ல திருத்தி சீக்கியரைச் சேர்த்தாங்க, 1990-ல பௌத்தரைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலயே நிக்கிறாங்க. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 10-ஐ தலித் கிறிஸ்தவங்க கறுப்பு தினமா அனுசரிக்கிறது இதுக்குத்தான். எங்க பங்குலயும் கோயில்ல கறுப்புக் கொடி கட்டுவோம்.

பொண்ணோட ரூம்ல இன்னொரு பொண்ணு, திண்டிவனம் பக்கம். ரெண்டு பேரும் ஒரே சாதி. ரெண்டு பேர் அப்பாவும் விவசாயம், ரெண்டு பேருக்கும் ஒரு ஏக்கருக்குள்ளதான் நிலம். ஒரே புஸ்தகத்தை மாத்தி மாத்திப் படிக்கிறாங்க. அந்தப் பொண்ணுக்கு எஸ்.சி. ஒதுக்கீடு, பரிட்சை ஃபீஸ் கிடையாது. இவளுக்கு பி.சி., ஃபீஸ் மூணு தடவைதான் இலவசம், கட் ஆஃப் வேற. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, அவளுக்குக் கிடைக்கிறது நியாயம். அதுல எனக்கு மறுபேச்சே இல்ல. இவளுக்கு ஏன் இல்லைங்கறதுதான் கேள்வி.

மாமான்னு சொன்னது என் மச்சானை. அவர் குடும்பத்துல கோயில் ரிஜிஸ்டர்ல ஒரு பேரு, பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல ஒரு பேரு. எங்க பக்கத்துல இது பல வீட்டுல உண்டு. ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்குவாரு, சர்டிபிகேட்ல இந்து. அவர் பையன் கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கான். அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு நாள் கூலிக்கு அண்டை வெட்டப் போனவர் வீட்டுல முதல் சம்பளம் வந்தது அப்படித்தான். என் பொண்ணையும் ஒரு சடங்கு பண்ணி, இந்துவா மாறிட்டதா ஒரு காகிதம் வாங்கி, எஸ்.சி. சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போடச் சொல்றாரு. "சாமி மனசுல இருந்தா போதும்டா, காகிதத்துல எதுக்கு?" இதுதான் அவர் வாதம். கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும்.

எங்க அப்பா அந்த வாதத்தை ஏத்துக்கல. என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்தப்போ வாத்தியாரே சொல்லியிருக்காரு, இந்துன்னு போட்டுக்கோ பையனுக்கு நல்லதுன்னு. முடியாதுன்னுட்டாரு. அதனால எனக்கு எஸ்.சி. ஸ்காலர்ஷிப் போச்சு. பிளஸ் டூவோட படிப்பு நின்னுச்சு, ஏர் பிடிச்சேன். அப்பா மேல எனக்குக் கோவம் இருந்த காலமும் உண்டு, அது வேற கதை.

இன்னொரு வேடிக்கை. தாத்தா காலத்துல வந்த 90 சென்ட் நிலம் டி.சி. நிலம். 1892-ல வெள்ளைக்காரன் காலத்துல, செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதின அறிக்கைக்கு அப்புறம் வந்த பஞ்சமி நிலத் திட்டம். அந்தப் பட்டா குடுத்தப்போ நீ எந்தக் கோயிலுக்குப் போறன்னு யாரும் கேட்டதா தாத்தா சொன்னதில்ல. 1994-ல காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடி செங்கல்பட்டுல போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல செத்துப்போன ரெண்டு பேர் ஜான் தாமஸ், ஏழுமலை. பேரைப் பாருங்க. குண்டுக்கு அந்தக் கட்டம் தெரியல.

பொண்ணு படிக்கிற பிள்ளை, என்னை விட விவரம். அதுதான் சூசை வழக்கைச் சொல்லுச்சு. இது மெட்ராஸ்லயே நடந்தது. ரோட்டோரத்துல செருப்பு தைக்கிறவர் சூசை. அந்தத் தொழில் பண்ற எஸ்.சி. மக்களுக்கு அரசாங்கம் இலவசமா பெட்டிக்கடை மாதிரி ஒரு பங்க் குடுத்தது. சூசை ஆதிதிராவிடர்தான், ஆனா கிறிஸ்தவர்ங்கறதால அவருக்கு இல்லன்னுட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாரு. 1985-ல தீர்ப்பு. மதம் மாறின பிறகும் பழைய மதத்துல இருந்த அதே அளவு கொடுமை புது மதத்துலயும் தொடருதுன்னு காட்டணும், அதுக்குப் போதுமான ஆதாரம் இல்லன்னு மனுவைத் தள்ளிட்டாங்க. வெயில்ல உக்காந்து அடுத்தவன் செருப்பைத் தைக்கிறவன்கிட்ட ஆதாரம். கச்சேரி ரோட்டுல பிளாட்பாரத்துல ஒருத்தர் குடையை விரிச்சு வச்சுக்கிட்டு செருப்பு தைச்சுக்கிட்டு இருந்தாரு. பொண்ணு இதைச் சொல்லி முடிக்கவும் அவரைத் தாண்டவும் சரியா இருந்தது. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

நம்ம பக்கமும் சுத்தம்னு சொல்லமாட்டேன். கிறிஸ்துவத்துல சாதி இல்லன்னு மேடையில சொல்றோம். கல்லறையில நடுச்சுவர் இருக்கற ஊரு தமிழ்நாட்டுல இருக்கு. 2008-ல எறையூர்ல கிறிஸ்தவங்களுக்குள்ளயே சாதிச் சண்டை வந்து துப்பாக்கிச்சூடு வரைக்கும் போச்சு. கோர்ட்டு கேட்ட ஆதாரத்தை நம்ம கோயில்களே வருஷா வருஷம் குடுத்துக்கிட்டுதான் இருக்கு. எனக்கு இதுல அரசாங்கத்து மேல இருக்கற கோவத்தை விட நம்ம ஆளுங்க மேல இருக்கற கோவம்தான் ஜாஸ்தி.

சாந்தோம் கோயில் வந்துடுச்சு. இப்ப இருக்கற வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-ல கட்டி முடிச்சது. அதுக்குக் கீழே தோமையாரோட கல்லறை. இயேசு உயிர்த்துட்டாருன்னு மத்தவங்க சொன்னப்போ, காயத்தைத் தொட்டுப் பாத்தாதான் நம்புவேன்னு சொன்னவர் அவரு. அவரும் ஆதாரம் கேட்டவர்தாம்ப்பான்னு பொண்ணு சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

சிலுவைப்பாதை முடிஞ்சு பீச் பக்கம் உக்காந்தோம். வேர்க்கடலையை நானே கொண்டு வந்திருக்க, அங்க பத்து ரூபாய்க்குச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம்.

அங்கதான் மனசுல இருந்ததைப் பேசுச்சு. கிராமத்துல கிறிஸ்தவளா இருக்கறது கஷ்டமே இல்லப்பா, காலையில மணி அடிக்கும், கெபி முன்னாடி நாலு பேர் நிப்பாங்க, நாமும் நிப்போம். இங்க நீ கோயிலுக்குப் போனியா இல்லையான்னு கேக்க நாதி கிடையாது. கோச்சிங்ல ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு டெஸ்ட் வைக்கிறாங்க, நான் ஆறு மணி பூசைக்கு ஓடிட்டு அப்படியே போறேன். கூடப் படிக்கிறவங்க நல்லவங்கதான், ஆனா இந்தக் காலத்துலயும் இதெல்லாமான்னு கேக்கறாங்க. நாட்டுக்கு மதச்சார்பின்மைன்னு படிக்கிறோம், 42-வது திருத்தம், 1976, ரெண்டு மார்க் கேள்வி. அதே பாடத்துல அடுத்த பக்கத்துல 1950 ஆணை. அரசாங்கத்துக்கு மதம் கிடையாதாம், என் சாதி மட்டும் எந்த மதத்துல இருக்குன்னு அதுக்குத் தெரியணுமாம்.

அப்புறம் மாமா சொன்னதுக்கு வந்துச்சு. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்திருக்கு. புதுச்சேரிப் பொண்ணு ஒருத்தி, குமாஸ்தா வேலைக்காக நான் இந்து, எஸ்.சி. சர்டிபிகேட் குடுங்கன்னு கேட்டு வழக்கு. ஞானஸ்நானம் வாங்கியிருக்கா, கோயிலுக்கும் போறான்னு சொல்லித் தள்ளுபடி. நம்பிக்கை இல்லாம சலுகைக்காக மட்டும் மதம் மாறினேன்னு சொல்றது அரசியலமைப்பை ஏமாத்தறதுன்னு எழுதியிருக்காங்க. "அப்போ மாமா சொல்ற மாதிரி காகிதத்துல ஒண்ணு, மனசுல ஒண்ணு நடக்காதுப்பா. சர்டிபிகேட் வேணும்னா நிஜமாவே இந்தப் படியை நான் மிதிக்கக் கூடாது. அது என்னால ஆகாது" அப்படின்னுச்சு.

நான் போடுன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அதுக்கு வயசு 23. எங்க அப்பா எனக்காக முடிவு பண்ணினாரு, நான் அப்படிப் பண்ணப் போறதில்லன்னு மட்டும் சொன்னேன். மதம் கிறிஸ்தவம், வகுப்பு பி.சி.ன்னு போட்டு ராத்திரியே அனுப்பிடுச்சு. இந்தத் தடவை ஃபீஸ் கட்ட வேண்டியதில்ல.

ஆணையை மாத்தச் சொல்லி பேச்சு நடக்காம இல்ல. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-லயே மதத்தை வச்சு ஒதுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. 2022-ல முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில இன்னொரு கமிஷன் போட்டாங்க. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையும் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புச்சு. என் பொண்ணுக்கு வயசு வரம்பு முடியறதுக்குள்ள ஏதாவது நடக்குமான்னு பாக்கணும்.

ஊருக்கு வந்து வீட்டுல எல்லாத்தையும் சொன்னேன். அவங்க அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, நல்லதுதான் செஞ்சிருக்கா, ஆனா வேலை கிடைக்கணுமேன்னா. சின்னவன் பிளஸ் டூ பரிட்சை எழுதிக்கிட்டு இருக்கான். கேட்டுக்கிட்டே இருந்தவன், "அக்காவுக்கு வீம்பு. நான் மாமா சொன்ன மாதிரிதான் போடப்போறேன்"னு தட்டுல கைகழுவிட்டு எழுந்தான். எங்க கோயில்ல தினம் காலையில அஞ்சரைக்கு மணி அடிக்கிறது அவன்தான், மூணு வருஷமா. அந்தத் தீர்ப்பைச் சொல்லி, அப்போ மணி அடிக்கிறதை யாருகிட்டடா குடுக்கறதுன்னு கேட்டேன். பதில் சொல்லல. மறுநாள் காலையிலயும் மணி அடிச்சுது, அஞ்சு நிமிஷம் லேட்டா. ரிசல்ட் வரட்டும், உக்காந்து பேசலாம்னு சொல்லி வச்சிருக்கேன்.