கணினிக் கூட்டமொன்றிற் கடைசி வரிசை

படித்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. தமக்குத் தெரியாத விடயத்தைப் பிறர் பேசும் சபையிற் போய் அமர்வதே அது. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகிய எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கோ அந்த அச்சம் இரு மடங்கு. யாழ்ப்பாண நகரில் ஒரு சனிக்கிழமை நடைபெற்ற கணினி ஆர்வலர் கூட்டமொன்றிற்கு நாம் முதன்முறையாகச் சென்றுவந்தோம். அந்த அச்சத்துடனேதான் சென்றோம். திரும்பும்போது அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஆகவே அந்தக் கதையை வாசகர்களுக்குச் சொல்லுதல் தகுமென எண்ணுகின்றோம்.

எம்மை அழைத்தவன் ஒரு பழைய மாணவன். சாதாரண தர வகுப்பில் எம்மிடம் தமிழ் படித்தவன். இப்போது பல்கலைக்கழக மாணவன். வகுப்பில் ஒருநாள் தமிழ்க் கொப்பியின் பின்பக்கத்தில் ஏதோ புரியாத குறிகளை வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தான். "இது உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்டு, அந்தத் தாளைக் கிழித்தெறிந்தோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலைகுனிந்து நின்றான். அது கணினிக்கு இடும் கட்டளைகளாகிய நிரல் என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

அந்த மாணவனே கடைத்தெருவில் எம்மைக் கண்டு, "சேர், சனிக்கிழமை எங்கட கூட்டத்துக்கு ஒருக்கா வாங்கோ" என்றான். "தமிழ் வாத்தியாருக்கு அங்கே என்ன வேலை, தம்பி?" என்றோம். "வந்து பாருங்கோ, சேர்" என்பதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

வல்லை வெளியைக் கடந்து

காலை எட்டு மணியளவில் நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறினோம். வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர்க்கு வல்லை வெளி ஓர் எல்லைக் கோடு. தொண்டைமானாற்று நீரேரியின் மேலான பாலத்தைக் கடக்கும்போது காற்று முகத்தில் அறைகின்றது. வெளி அகன்று விரிகின்றது. அங்கே முனியப்பர் கோயிலடியில் வண்டி ஒரு கணம் தரித்தது. பயணிகள் சிலர் கைகூப்பினர். நாமும் கூப்பினோம், எமது வேண்டுதல் "சபையில் எவரும் எம்மிடம் கேள்வி கேட்டுவிடக்கூடாது" என்பதாகவே இருந்தது.

அப்பால் ஆவரங்கால், புத்தூர், வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த நீர்வேலி, கோப்பாய், இருபாலை என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. நல்லூரில் இறங்கி, கையிலிருந்த முகவரியின்படி நடந்து, ஒரு கட்டடத்தின் மேல்மாடியை அடைந்தோம்.

வாயிலிற் பாதணிகள் குவிந்திருந்தன. பதிவு மேசையில் இருந்த பெண்பிள்ளை எமது பட்டத்தையோ பதவியையோ கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டு, ஒட்டுத்தாளில் எழுதி, சட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். நாற்பத்தைந்து வயதில், முதலாம் வகுப்புப் பிள்ளைபோல நெஞ்சிற் பெயர் ஒட்டிக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்தோம்.

சபையில் ஐம்பது பேர் வரை இருந்தனர். பல்கலைக்கழக மாணவர் பலர்; சீருடையுடன் வந்த பாடசாலைப் பிள்ளைகள் சிலர்; வங்கி ஊழியர் ஒருவர்; மகளுக்குத் துணையாக வந்த ஒரு தாயார்; கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்த சிங்கள இளைஞர் ஒருவர். மேடையென்று ஒன்று இல்லை, பொன்னாடை இல்லை, தலைமையுரை இல்லை. குறித்த நேரத்திற்கு ஐந்து நிமிடம் பிந்தி, ஒரு பையன் எழுந்து பேசத் தொடங்கினான். எமது கூட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுவே முதல் அதிசயம்.

எழுத்துக்கு ஓர் எண்

முதற் பேச்சு தமிழ் எழுத்தைப் பற்றியதாக இருந்தமை எமது பாக்கியம். எமது நாட்டிற் பல ஆண்டுகளாகப் பாமினி என்னும் எழுத்துருவிலேயே தமிழ் அச்சிடப்பட்டு வந்தது. வினாத்தாளும், திருமண அழைப்பும், கோயில் அறிவித்தலும் அதிலேயே பிறந்தன. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். ஏன் அவ்வாறு என்பதைப் பையன் விளக்கினான். பாமினியில் நாம் "அம்மா" என்று எழுதும்போது கணினி சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையேயாம். அவற்றின்மேல் தமிழ் வடிவம் போர்த்தப்படுகின்றது. போர்வையை எடுத்தால் அம்மா இல்லை.

யுனிகோட் என்னும் ஒருங்குறி முறையிலோ, உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்கள் உரிமையாக்கப்பட்டுள்ளன. 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. "அ" என்னும் எழுத்தின் எண் 2949. சென்னையிலாயினும் ரொறன்ரோவிலாயினும் பருத்தித்துறையிலாயினும் அது அகரமே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எமது மொழியின் முதலெழுத்துக்கு உலகப் பொது எண் ஒன்று இருந்திருக்கின்றது. தமிழாசிரியராகிய நாம் அதை அறியாதிருந்திருக்கின்றோம். கடைசி வரிசையில் இருந்தமையால் எமது முகத்தை எவரும் காணவில்லை.

தாயார் கேட்ட கேள்வி

அடுத்து, கட்டற்ற மென்பொருள் என்பது யாதெனப் பேசினர். நிரலை எவரும் பயன்படுத்தலாம், படித்து அறியலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், திருத்தி மேம்படுத்தலாம் என்ற நான்கு சுதந்திரங்களுடன் வழங்கப்படுவதே அது. 1983 இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த நோக்குடன் க்னூ என்னும் முயற்சியை அறிவித்தார். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயங்குதள மையத்தை எழுதி உலகத்தார் முன் வைத்தார். இன்று எமது பிள்ளைகளின் கைகளிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசிகள் அந்த லினக்ஸின் மேலேயே இயங்குகின்றன.

அப்போது மகளுடன் வந்திருந்த தாயார் எழுந்தார். "தம்பி, எல்லாத்தையும் சும்மா குடுத்தால், செய்த பிள்ளை எதைச் சாப்பிடுறது?" என்றார். சபை சிரித்தது, ஆனால் ஏளனமாக அன்று. அதே கேள்வியைத்தான் நாம் ஒருநாள் வேறு விதமாக, தாளைக் கிழித்துக்கொண்டு, கேட்டிருந்தோம்.

விடையளிக்க எழுந்தவன் எமது பழைய மாணவன். "நல்ல கேள்வி, அம்மா. சுதந்திரம் எண்டால் இலவசம் எண்டு அர்த்தமில்லை" என்று தொடங்கினான். லினக்ஸில் வேலை செய்வோர் பலர் அதையே நம்பியிருக்கும் நிறுவனங்களிற் சம்பளம் பெறுவோர் என்றும், திறந்த வெளியில் நல்ல நிரல் எழுதியவனைத் தேடி வேலை வருவதுண்டு என்றும், சம்பளமின்றி ஓய்வுநேரத்திற் செய்வோரும் உளர் என்றும் ஒளிக்காமற் சொன்னான். "எல்லாருக்கும் இதால சீவியம் நடக்கும் எண்டு நான் சொல்லமாட்டன்" என்று முடித்தான். அந்தத் தாயார் தலையசைத்து அமர்ந்தார். எமக்கு வகுப்பில் இத்துணைப் பொறுமை இருந்ததில்லை.

சகானா

தேநீரும் வடையும் முடிந்தபின் கொழும்பு இளைஞர் ஆங்கிலத்திற் பேசினார். எமது மாணவன் தமிழிற் சொன்னான். பேச்சின் பொருள் சகானா. எமக்குச் சகானா என்றால் இராகம். சிங்களத்தில் அச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி, ஞாயிறும் பௌர்ணமியுமாக இருந்த அந்தக் காலையிற் கடல் ஊருக்குள் வந்தது. அதனையடுத்த நாட்களில் இலங்கையின் கணினித் துறை இளைஞர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி ஒரு மென்பொருளை எழுதினர். காணாமற் போனோரின் பெயர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், எங்கே எது தேவை என்னும் விபரங்கள் ஆகியவற்றை ஓரிடத்திற் பதியவும் தேடவும் உதவுவதே அதன் பணி. அதனைத் திறந்த மூலமாகவே வெளியிட்டனர். ஆகவே 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதைச் சகானாவுக்கு வழங்கியது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எமக்கு ஒரு சீ.ஆர். கொப்பி நினைவுக்கு வந்தது.

அந்த டிசம்பரில் நாம் பட்டம் பெற்று வேலையின்றி இருந்தோம். கிழக்குக் கரையிலிருந்து வந்த மக்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தனர். அவ்வாறான ஒரு பாடசாலையிற் பெயர் எழுதும் வேலை எமக்கு. வருவோர் பெயர், ஊர், வயது எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினோம். ஒரு முதியவர் பேரனைத் தேடி வந்தார். பெயர் செல்வராசா. கொப்பியை இருமுறை புரட்டி, "இல்லை, ஐயா" என்றோம். வேறு முகாமொன்றின் கொப்பியிலும் தேடச் செய்தோம், அங்கும் இல்லையென்றனர். மூன்று நாட்களின் பின்னரே பையன் கிடைத்தான். அவன் இருந்தது அந்த இரண்டாவது முகாமில்தான். அங்கே பெயர் எழுதியவர் "ஜெல்வராஜ்" என்று எழுதியிருந்தார். முதியவர் அந்த மூன்று இரவும் எமது பாடசாலை விறாந்தையிற் படுக்காமல் இருந்ததை இன்றும் மறக்க இயலவில்லை.

எம்மையறியாமலே எழுந்து நின்றோம். அந்தக் கதையைச் சொல்லி, "ஒரே பெயரை இருவர் இருவிதமாக எழுதினால் உங்கள் நிரல் என்ன செய்யும்?" என்று கேட்டோம்.

சபை சற்று நேரம் அமைதியாயிற்று. எமது மாணவன் வெண்பலகையில் இரண்டு எண்களை எழுதினான். "சேர், காலைமை சொன்னமாதிரி, 'ச' வுக்கு 2970; 'ஜ' வுக்கு 2972. மெஷினுக்கு ரெண்டும் வேற வேற. ஒரே சத்தம் எண்டு அதுக்குத் தெரியாது. தெரியவைக்க வேணும்" என்றான். ஒலியால் நெருங்கிய எழுத்துகளை ஒரு குழுவாகக் கொண்டு தேடும் முறைகள் உள. ஊர், வயது, தந்தை பெயர் என்பனவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று விளக்கினான். பின்னர் எம்மைப் பார்த்து, "தமிழ்ப் பெயரை எங்கட சனம் எத்தனை விதமாய் எழுதும் எண்டு எங்களுக்குத் தெரியாது. அந்தப் பட்டியலை நீங்கள்தான் தரவேணும், சேர்" என்றான்.

அவன் 2004 இற் பிறந்தவன்.

திரும்பும் வழியில்

மாலை பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது. வல்லை வெளியில் அந்திக் காற்று வீசியது. எமது ஊர்ச் சனசமூக நிலையத்தை எண்ணிக்கொண்டோம். வாசிக்கத் தெரிந்தவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, தெரியாதவர் சுற்றியிருந்து கேட்டு, இடையிடையே கேள்வியும் கேட்ட காலத்தை எமது தந்தையார் சொல்வார். தெரிந்தவர் கொடுப்பதற்கும் தெரியாதவர் கேட்பதற்கும் வெட்கப்படாத இடம் அது. நல்லூர் மாடியில் நாம் கண்டதும் அத்தகைய இடமே. கணினி அங்கே ஒரு காரணம் மட்டும்.

ஆதலால் பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். உங்கள் பிள்ளை இத்தகைய கூட்டத்திற்குப் போகவேண்டுமென்றால், தடுப்பதற்கு முன் ஒருநாள் கூடச் சென்று பாருங்கள். மனத்திலுள்ள கேள்வியை அந்தத் தாயாரைப் போல எழுந்து கேளுங்கள். மாணவர்க்கும் ஒன்று: ஆங்கிலம் போதாது, கணினி இல்லை என்று தயங்கி நில்லாதீர்கள். கடைசி வரிசை எப்போதும் காலியாகவே இருக்கின்றது.

விடைபெறும்போது அந்தக் கிழிந்த தாளைப்பற்றி நாம் பேசவில்லை, அவனும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய பெட்டியைத் திறந்து சீ.ஆர். கொப்பியைத் தேடி எடுத்தோம். செல்வராசா, செல்வராஜா, செல்வராசன், செல்வராஜ் எனப் புதிய தாளொன்றில் எழுதத் தொடங்கினோம். இரவு பத்து மணிக்கு நூற்று நாற்பது பெயர்கள் ஆயின. அடுத்த மாதக் கூட்டத்திற்கு அத்தாளைக் கொண்டுசெல்வோம்.