கெண்டைக்கால்

மார்த்தாண்டத்தைச் சுற்றி இப்போது எங்கு பார்த்தாலும் ரப்பர்தான். என் சிறுவயதில் பனையேறுகிறவர்கள் கொஞ்சம் மிச்சமிருந்தார்கள். என் பாட்டா அவர்களில் ஒருவர். விடியுமுன்பே காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள்பெட்டியுமாகக் கிளம்பிவிடுவார். காலையில் ஏறிய பனையில் மாலையிலும் ஏறவேண்டும். ஒட்டிய வயிறு, எலும்பு தெரியும் தோள். கெண்டைக்கால் மட்டும் உருட்டிவைத்த கருங்கல்லாக இருக்கும். ஊரில் ஒருவனுடைய வலுவை அளக்க அதைத்தான் பார்ப்பார்கள்.

அக்காவின் மகனுக்கு நாலு வயதில் அப்படியொரு கெண்டைக்கால் வந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தோஷம். "பாட்டாவுக்க காலு அப்பிடியே வந்திருக்கு மக்களே" என்று அம்மை தடவித்தடவிப் பார்ப்பாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவன் மற்ற பிள்ளைகளைப் போல ஓடமாட்டான், நுனிக்காலில் நடப்பான், அடிக்கடி விழுவான். தரையில் உட்கார்ந்தால் எழும்புவதற்குக் கவிழ்ந்து, கையை முட்டில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழும்புவான். "காலு பெருசா இருந்து என்னத்துக்கு? இவன் எழும்புகது செரியில்ல" என்றாள் அக்கா.

திருவனந்தபுரத்தில் டாக்டர் முதலில் செய்யச் சொன்னதும் அதைத்தான்: தரையில் உட்கார், எழும்பு. அந்த எழும்பும் விதத்தை வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-இல் விவரித்திருக்கிறார். இன்றும் அது அவர் பெயராலேயே சொல்லப்படுகிறது. ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி சில நூறுக்குள் இருக்கவேண்டும். அவனுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது. தசை உடைந்து, உள்ளிருப்பது ரத்தத்தில் கசிகிறது என்று அதற்கு அர்த்தம். மரபணுச் சோதனையும் உறுதிசெய்தது. டுஷேன் தசைச்சிதைவு.

பாட்டாவின் கால் பெருத்தது வேலையால். சுமை ஏற ஏற, இருக்கிற தசைநார்கள் ஒவ்வொன்றும் தடிக்கும். அது உடம்பு தரும் பதில். உடம்பில் வேறு பெருக்கங்களும் உண்டு. அயோடின் போதாதபோது, குறைந்த சரக்கை வைத்து வேலையை ஒப்பேற்றப் பார்த்துக் கழுத்திலுள்ள தைராய்டு வீங்குகிறது. கொசு கொண்டுவரும் புழு நிணநீர்ப் பாதையைக் கெடுப்பதால் யானைக்கால் வருகிறது. மருமகனின் கால் இவற்றில் எதிலும் சேராது. தசையுறையைத் தாங்கிப்பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் அவனுக்கு இல்லை. ஒவ்வொரு அசைவிலும் தசைநார் கிழிகிறது. ஆறும் வேகம் கிழியும் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது, அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. பிரெஞ்சு மருத்துவர் டுஷேன், உயிரோடிருக்கும் நோயாளியின் தசையில் துளியெடுக்க ஓர் ஊசியே செய்து, உருப்பெருக்கியில் பார்த்தார். 1868-இல் அவர் இதற்கு வைத்த பெயரிலேயே 'பொய்ப்பெருக்கம்' என்ற சொல் இருக்கிறது. டிஸ்ட்ரோஃபினைக் கண்டறிய 1987 வரை ஆயிற்று.

உண்மையான தசையே தடித்தாலும் அது வலுவாகிவிடாது. மரபணுப் பிழையால் இதயச் சுவர் 15 மில்லிமீட்டருக்கு மேல் தடித்துப்போகிறவர்கள் உண்டு. அந்த இதயம் பலமாகத்தான் சுருங்கும், ஆனால் சரியாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளாது. இதயத்தசை நோய்களோடு தொடர்புள்ள ஒரு மரபணுக் குறை தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக, 2009-இல் தண்டபாணியும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

டாக்டர் சொன்னதைவிடக் கஷ்டமான பேச்சு வீட்டில்தான் நடந்தது. "எங்க குடும்பத்தில இப்பிடி ஒருத்தரும் இல்ல" என்றார் அத்தானின் அம்மா. டிஸ்ட்ரோஃபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது காப்பாற்றும். ஆணுக்கு ஒன்றுதான். அதனால் தாய் சுமக்கிறாள், மகன் விழுகிறான். மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்தும் வருவதில்லை, புதிதாகவே நேர்கிறது. அக்காவின் சோதனையில் அவளிடம் அந்தப் பிழை இருந்தது. ஆனால் இதில் அவள் செய்தது ஒன்றுமில்லை. ஒருத்தி தன் மூக்கை எப்படித் தேர்ந்தெடுக்கவில்லையோ அப்படித்தான் இதுவும். இதை நான் பலமுறை சொன்னேன். அத்தான் ஒரேயொரு முறை தன் அம்மாவிடம் சொன்னார். அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்போது தங்கச்சிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு அம்மை வழியாக வந்திருந்தால் தங்கச்சிக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. "கல்யாணப் பேச்சு நடக்கும்போ இத எதுக்குக் கிளறணும்?" என்று சித்தப்பா தடுத்தார். தங்கச்சி யாரிடமும் கேட்கவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு அவளுடையது, அதை இங்கே எழுதமாட்டேன். பெண்பார்க்க வந்தவனிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள் என்பதை மட்டும் எழுதலாம்.

மருமகனுக்கு இப்போது பதினொன்று. ஸ்டீராய்டு மாத்திரை நடையைச் சில காலம் நீட்டித்தந்தது. போன வருடம் சக்கரநாற்காலி வந்தது. வருடந்தோறும் இதயத்துக்கு எக்கோ பார்க்கிறோம், ஏனென்றால் இதயமும் தசைதான். தினமும் காலையில் அக்கா அவன் பாதத்தைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி மடக்கி, முப்பது எண்ணும்வரை வைத்திருப்பாள், குதிநரம்பு இறுகிவிடக்கூடாது. எண்ணுவது அவன்தான். சீக்கிரம் விடட்டும் என்று இருபதிலிருந்து முப்பதுக்குத் தாவுவான். அவள் விடமாட்டாள்.