துவக்கு இல்லாத கடல்

வேற்றுக் கிரகக் கடலில் தனியாகத் தப்பிப் பிழைக்கிற கேம், ‘சப்நோட்டிகா’. 2018இல் முழுமையாக வெளிவந்தது. விளையாடின ஆக்கள் இதில் இரண்டு கட்சி. “துவக்கு இல்லாமல் என்ன கேம்?” எண்டு ஒரு பக்கம்; “அந்தப் பயம்தான் கேமே” எண்டு மற்றப் பக்கம்.

லீவுக்கு வெள்ளாங்குளம் போனால் எங்கட வீட்டிலயும் அதே சண்டை. ரீப்பர் எண்ட இராட்சத மிருகத்திட்ட நாலு தரம் செத்திட்டு, “அண்ணா, ஒரு துவக்குத் தந்தால் என்ன குறைஞ்சிடும்?” எண்டான் தம்பி.

கத்தி உண்டு. மிருகங்களைக் கொஞ்ச நேரம் உறைய வைக்கும் கருவியும் உண்டு. சுட்டுக் கொல்லும் துவக்குத்தான் இல்லை. 2012 டிசெம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பாடசாலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டையே இயக்குநர் சார்லி கிளீவ்லாண்ட் காரணமாகச் சொன்னார். உலகத்தில் இன்னும் துவக்குகளைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கு. எந்த நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் சலிக்கும்தான். ஆனால் 2008இல் சண்டை எங்கட ஊருக்கு வந்தபோது நாங்களும் ஓடினனாங்கள். எனக்கு நாலு வயசு; அவன் பிறக்கேல்லை. ரீப்பரிட்ட இருந்து தப்பி, மேலே வந்து மூச்செடுக்கும்போது எனக்கு ஒண்டு விளங்குது: யாரையும் கொல்லாமல் தப்பினதும் வெற்றிதான்.

இதை அவனுக்குச் சொல்லேல்லை. “அஞ்சாந்தரம் விளையாடு” எண்டு மட்டும் சொன்னன்.