துருவும் பட்டியும்

என் அத்தா துணி வணிகர். சங்கரன்கோவில் கடையில் நெசவுப் பிழையுள்ள சேலையை மடித்து மறைத்து அவர் விற்றதில்லை. பிழையை விரல் வைத்துக் காட்டிய பின்னரே விலை கூறுவார். அவர் மறைவுக்குப் பின் எஞ்சியது அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்து ஒன்றே. இத்தாலியரான மிக்கெலாட்டி வடிவமைத்த அவ்வகை வண்டி 1961 முதல் சென்னையில் உருவாயிற்று. அடிச்சட்டம் தனியாகவும், மேற்கூட்டின் தகடுகள் மரையாணிகளால் பூட்டப்பட்டும் அமைந்தமையால், கெட்ட பகுதியை மட்டும் கழற்றிச் சீர்செய்யலாம்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதனை விற்க எண்ணினேன். கதவின் கீழ்த்தகட்டைத் துரு அரித்திருந்தது. “பட்டி பூசி வண்ணம் அடித்துவிடுங்கள், அண்ணாச்சி” என்றேன், டிங்கர் வேலை செய்யும் முதியவரிடம். அவர் சுத்தியலால் மெல்லத் தட்டினார், துகள்கள் உதிர்ந்தன.

“பட்டிக்குள்ளே துரு தின்னுக்கிட்டேதான் இருக்கும், சார். ஒரு மழைக்குத் தாங்காது. வாங்குறவர் நம்மள என்ன நினைப்பார்?”

நாணினேன். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., சிதைந்த இடங்களைத் தாமே புனைந்து நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டிய நேர்மையை ஆண்டுதோறும் வகுப்பில் வியந்துரைப்பவன் யான்!

துருவேறிய பகுதியை அறுத்தெடுத்து, புதுத்தகட்டை வளைத்துப் பற்றவைத்தார் அவர். வாங்க வந்தவரிடம் அவ்விடத்தை விரல் வைத்துக் காட்டினேன். அவர் விலையைக் குறைத்தார். கட்டணத்தின் மீதிக்குக் கடன் பெற்றேன்.

மாணவச் செல்வங்களே, அக்கடன் இன்னும் தீரவில்லை. ஆயினும், அத்தாவின் கபுறடியில் நிற்கும்போது உள்ளம் கூசவில்லை.