கடல் கடந்த தேவாலயம்

இலண்டன் மாநகரின் நடுவே, அல்டர்மன்பரி வீதியோரம் ஒரு சிறு பூங்கா உண்டு. அதன் புற்றரையிடையே தாழ்ந்த கற்சுவர்களும் தூண்களின் அடிகளும் தோன்றும். அங்கிலிக்கன் திருச்சபையின் தூய மரியாள் தேவாலயம் நின்ற நிலம் அது.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் பழைய கோயில் அழிந்தபின், கிறிஸ்தோப்பர் றென் என்னும் சிற்பி அதனைப் புதிதாய் எழுப்பினார். 1940 டிசம்பர் 29ஆம் நாளிரவு ஜேர்மானியர் வீசிய தீக்குண்டுகளால் அதுவும் எரிந்தது. கூரையற்ற சுவர்கள் கால் நூற்றாண்டு கவனிப்பாரின்றி நின்றன.

அவற்றைக் கேட்டு வந்தோர் அமெரிக்கர். மிசூரி மாநிலத்துப் புல்டன் நகரக் கல்லூரியொன்றில், 1946இல், சேர்ச்சில் ‘இரும்புத் திரை’ பற்றிப் பேசினார் அல்லவா? அதன் நினைவாகக் கோயிலையே அங்கு கொண்டுசெல்ல விரும்பினர். ஏறத்தாழ ஏழாயிரம் கற்களைக் கழற்றிக் கப்பலேற்றினர். 1969இல் கோயில் புல்டனில் மீண்டெழுந்தது.

பிறந்த மண்ணைவிட்டு ஒரு கோயிலைப் பெயர்ப்பதா என்று என் மனம் முதலில் ஒப்பவில்லை. ஆனால், உள்ளூரார் கைவிட்ட சுவர்களை அயலார் காத்தனரே! அவர்களைக் குறைகூற நாம் யார்?

எனினும் ஒன்று கப்பலேறவில்லை. சேக்ஸ்பியரின் தோழர்களான ஹெமிங்ஸ், கொண்டெல் என்னும் நடிகர் இருவரும் இப்பங்கில் வாழ்ந்து, இங்கேயே அடக்கமானவர்கள். நண்பரின் நாடகங்களை 1623இல் திரட்டி அச்சேற்றியவர்கள் அவர்களே. அத்தொகுப்பு இல்லையேல் ‘மக்பெத்’ நம் கைக்கு எட்டியிராது. 1896இல் அவர்களுக்கு எழுப்பிய நினைவுத்தூண், உச்சியில் சேக்ஸ்பியரின் தலையோடு, அப்பூங்காவிலேயே நிற்கிறது.