அசதி

ஆயாவிடம் என்ன செய்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "ஒண்ணுமில்லப்பா, அசதியா இருக்கு."

வயது 73. மயிலாப்பூர் மாட வீதியில் 40 வருடம் பூ கட்டி விற்றவர். அசதி இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். தாத்தா போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப இரவு பத்தாகிவிடும். அந்த நேரத்தில் ஆயா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் மறதி வந்தது. என்ன கிழமை ஆயா? "தெரியல." மத்தியானம் சாப்ட்டியா? "தெரியல." பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மறதி நோய், வயசானா வரும்" என்றார்கள். இனி ஆயாவை யார் வைத்துக்கொள்வது என்று நானும் அடையாறில் இருக்கும் அத்தையும் ஃபோனில் பேச ஆரம்பித்தோம். ஆயா அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

எங்கள் வீட்டுக்கு ஒரு சிஸ்டர் வருவார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வருகிறவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சை, பிசியோதெரபி எல்லாம் உண்டு. 2024-இல் ஐ.நா.விடம் விருதுகூட வாங்கியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நிற்கும் சிஸ்டரையும் அவர் தோள்பையில் இருந்த பிபி மெஷினையும்தான்.

காய்ச்சலில் நான் வீட்டில் கிடந்த ஒருநாள் வந்தார். ஆயாவுக்கு பிபி 180/100.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"போடுறேன்."

"அட்டையைக் காட்டுங்க."

ஆயா எழவில்லை. நான் அலமாரியில் தேடினேன். இரண்டு மாத அட்டைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிஸ்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு ஆயா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பூ கட்டுறதில்லையா இப்போ?"

"அசதியா இருக்கு சிஸ்டர்."

"வேலை செஞ்சா அசதியா, காலைல எந்திரிக்கும்போதே அசதியா?"

"எந்திரிக்கும்போதே."

"எந்திரிக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுதா?"

தாத்தா செத்த அன்றுகூட அழாத ஆயா அப்போது அழுதார். "அவரு போனப்புறம் மாத்திரை போட்டு எதுக்கு சிஸ்டர்?"

ஆறு மாதமாக நான் இருக்கும் வீடு. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கப் பயந்திருப்பேன்.

வாசலில் சிஸ்டர் சொன்னார்: "மறதின்னு முடிவு பண்ணாதீங்க. நிஜமா மறதி உள்ளவங்க பெரும்பாலும் அதை மறைக்கப் பார்ப்பாங்க, எதையாவது சொல்லிச் சமாளிப்பாங்க. இவங்க தெரியலன்னு விட்டுடறாங்க. பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க."

கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த முதியோர் மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். அங்கே ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி 15 கேள்விகள் கேட்டார்கள். முதியவர்களின் மனச்சோர்வை அளக்க 1980களில் அமெரிக்காவில் உருவான பட்டியல் அது. அதில் தூக்கம், பசி, உடல்வலி பற்றிக் கேள்வியே கிடையாது என்று பிறகு படித்தேன். வயதானால் அவை யாருக்கும் வரும், அதை வைத்து மனதைச் சொல்ல முடியாது என்பது காரணம். நியாயம்தான். ஆனால் எங்கள் ஆயாவிடம் இருந்த ஒரே சொல் உடம்புச் சொல். படபடப்பு, கை கால் ஓய்ச்சல், தலை பாரம், அசதி. 'மனநலம்' என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்திருந்தால் கதவைச் சாத்தியிருப்பார். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக வைத்திருக்கும் ஊர் இது. பிபி பார்க்க வந்ததால்தான் சிஸ்டரால் உள்ளே வர முடிந்தது.

மாத்திரை கொடுத்தார்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார்கள். அந்தச் சில வாரத்தில் சிஸ்டர் தன் முறை இல்லாத நாளிலும் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "அடுத்த தடவை எனக்கு ரெண்டு முழம் பூ கட்டி வைங்க, காசு குடுத்துடுவேன்" என்றார். ஆயா என்னை மல்லி வாங்கிவரச் சொன்னார். கட்டியது ஒன்றரை முழம். சிஸ்டர் தன் கையால் அளந்து, "என்ன ஆயா, ரெண்டு முழம் வரலையே?" என்றார்.

"நாப்பது வருஷம் பூ அளந்தவகிட்ட நீ முழக்கணக்கு சொல்றியா? உன் கை நீளம்டி!"

ஆயா சத்தம் போட்டுக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது!

இப்போது பிபி 140/90. கிழமை தெரிகிறது. சில நாள் அசதி என்கிறார். "எந்திரிக்கும்போதேவா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்கிறார். ஆமாம் என்ற நாட்களும் உண்டு. அன்று கடைக்கு லேட்டாகப் போகிறேன்.

போன மாதம் சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த பெண் நல்ல மாதிரிதான். பிபி பார்த்தார், மாத்திரை கொடுத்தார், கிளம்பினார். ஆயா வாயே திறக்கவில்லை. எத்தனையோ வீடு, எத்தனையோ படி. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆயாவின் பிபி நோட்டு அட்டையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: 'பூ பற்றிக் கேட்கவும்.'