காது உண்டு, வாய் இல்லை

ஜூலை மாதக் கடைசி வாரம். மழைக்கால மீன்பிடித் தடை முடிய இன்னும் சில நாட்களே பாக்கி. கொச்சி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் விசைப்படகுகளில் எங்கும் பெயின்ட் வாசனை, வெல்டிங் பொறி. அவற்றில் ஒன்றின் வீல்ஹவுஸ் கூரை மேல் மலையாளி மெக்கானிக் ஒருவர் நிற்கிறார். கையில் காளான் வடிவத்தில் ஒரு வெள்ளைக் குமிழ். கீழே அண்ணாந்து பார்த்தபடி ஸ்ராங்கு. படகைச் செலுத்துபவரும் அவர்தான், பங்குக்காரர்களில் ஒருவரும் அவர்தான். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்க்காரர். வயது 58.

பாதி மலையாளத்திலும் பாதித் தமிழிலும் விவாதம் நடக்கிறது. ஜி.பி.எஸ். ஆன்டெனாவான அந்தக் குமிழை எங்கே பொருத்துவது? மெக்கானிக்கின் கண் கொடிமர உச்சியில். "அங்க வேண்டாம் மோனே, அலையில உச்சிதான் ரொம்ப ஆடும்" என்கிறார் ஸ்ராங்கு. படகு புரளும்போது உச்சியில் இருக்கும் குமிழ் பக்கவாட்டில் பல அடி ஊசலாடும். படகு நகராதபோதும் நகர்வதாகக் கருவி காட்டும். அதே சமயம், வானம் முழுதும் தெரிய வேண்டும். வயர்லெஸ் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கடைசியில் கூரையின் பின் மூலை முடிவாகிறது.

முப்பது வருடங்களில் ஸ்ராங்கு பொருத்தும் நான்காவது கருவி இது. முந்தைய மூன்றும் கற்றுக்கொடுத்த பாடங்களை வரிசையாகச் சொல்கிறார். ஆன்டெனா கேபிளின் இணைப்பில் உப்புத் தண்ணீர் புகுந்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். எனவே ரப்பர் டேப்பை இறுகச் சுற்றி, அதன் மேல் சிலிகான் பூச வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் அதே பாட்டரியில் கருவியைக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் மின்னழுத்தம் விழுந்து கருவி அணைந்து எரியும். தனி பாட்டரி, தனி ஃபியூஸ். திரையைக் காம்பஸுக்கு ஒட்டி வைக்கவும் கூடாது. காந்த ஊசி பக்கம் மாறிவிடும். "ஜி.பி.எஸ். இருக்கும்போது காம்பஸ் எதற்கு?" என்று கேட்கும் இளைஞர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. படகு எந்தத் திக்கில் நகர்கிறது என்பதைத்தான் ஜி.பி.எஸ். சொல்லும். இன்ஜின் நின்றுபோய் மிதக்கும்போது முகப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. அது காம்பஸுக்குத்தான் தெரியும்.

அவருடைய அப்பாவிடம் இரண்டுமே இருந்ததில்லை. கட்டுமரத்தில் தூண்டில் போட்டவர். கடலடியில் மீன் மண்டும் பாறைத் திட்டுகளுக்குத் தென்கடற்கரையில் 'பார்' என்று பெயர். மேலே ஒரே நீலமாகத் தெரியும் கடலில் பாரைக் கண்டுபிடிக்க அவர்கள் கையாண்ட முறைக்குக் கணியம் என்று பெயர். கரையில் ஒரு தேவாலயக் கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஒரு கலங்கரை விளக்கும் ஒரு பனந்தோப்பும் சேர வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். அங்கே ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, எத்தனை பாகம் ஆழம் என்று பார்த்து உறுதி செய்துகொள்வார்கள்.

கணியம் குடும்பச் சொத்து. எந்த மலை, எந்தக் கோபுரம் என்பதை அப்பா மகனுக்கு மட்டும்தான் சொல்வார், அதுவும் கடலில் வைத்துத்தான். அடுத்த மரம் அருகில் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காதது போல வேறு பக்கம் துடுப்புப் போடுவார். கண்டுபிடித்த பாரை ஊருக்கெல்லாம் சொன்னால் அடுத்த வாரம் அங்கே மீன் இருக்காது.

ஆனால் கரை கண்ணுக்கு மறைந்ததும் கணியமும் முடிந்துவிடும். தூத்தூர்க்காரர்களோ கரையிலிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். சுறாவையும் சூரையையும் தேடிக் கொச்சியைத் தளமாக்கிக்கொண்டு, லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கடல் வரையும் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள் அவர்கள். காம்பஸும் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கும் வடக்கே அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்கும் துருவ நட்சத்திரமும்தான் வழித்துணை. நீரோட்டம் எவ்வளவு இழுத்தது என்பது ஊகம்.

1990களின் மத்தியில் அந்தப் படகுக்கு முதல் ஜி.பி.எஸ். வந்தது. அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஏற்பாடு அது. 1983 செப்டம்பரில் வழி தவறிய கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தார்கள். அதன் பின்னர்தான், தயாரானதும் இதைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அதிபர் ரீகன் நிர்வாகம் அறிவித்தது. 1995ல் முழு ஏற்பாடும் செயல்பாட்டுக்கு வந்தது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் ஓயாமல் இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன: தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன. கூரை மேலிருக்கும் குமிழ் அதைக் கேட்கிறது. செய்தி வந்து சேர ஆன நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் படகின் இடம் தெரிந்துவிடும். நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். விளக்கத்தைக் கேட்ட ஸ்ராங்கின் அப்பாவுக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. மலையும் கோபுரமும் வானத்துக்குப் போய்விட்டன, அவ்வளவுதானே என்றார்.

ஆரம்பத்தில் அந்த எண்களை முழுதாக நம்ப முடியவில்லை. ராணுவக் காரணங்களுக்காக அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. நூறு மீட்டர் வரை தப்பு வரும். ஒரு சிறிய பாரைத் தவறவிட அது போதும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே இரவில், செலவில்லாமல், பழைய கருவிகள்கூடப் பல மடங்கு துல்லியமாகின. ஒவ்வொரு பாரையும் மறுபடி தேடி எண்களைத் திருத்தி எழுத அந்த வருடம் அவருக்குச் சரியாக இருந்தது.

அந்த எண்கள் ஒரு நீள நோட்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறை போட்ட, மீன் வாடை வீசும் நோட்டு. கணியத்தின் இடத்தை நோட்டு பிடித்துக்கொண்டது. ரகசியம் மட்டும் மாறவில்லை. ஆனால் கணியத்தைத் திருட முடியாது, எண்ணைத் திருடலாம். இரண்டு வரி பார்த்தால் போதும். அதனால் துறைமுகத்தில் கால் வைத்ததும் நோட்டு அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

எண்ணிலும் கண்ணி உண்டு. ஒரு டிகிரிக்கு 60 மினிட். அட்சரேகையில் ஒரு மினிட் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஒரு கருவி 58 மினிட் 30 செகண்ட் என்று காட்டும். இன்னொன்று அதே இடத்தை 58.50 மினிட் என்று காட்டும். செகண்டைப் புள்ளிக்குப் பின்னால் அப்படியே எழுதி 58.30 என்று போட்டால் 370 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியதுதான். நண்பரின் படகு ஒன்று ஒரு முழு இரவு வெறும் சேற்றில் தூண்டில் போட்டது அப்படித்தான்.

வானத்தைக் கேட்கும் இந்தப் பெட்டிக்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. தன் இடத்தை அது யாருக்கும் சொல்வதில்லை. செயற்கைக்கோளுக்கே தெரியாது, கீழே யார் கேட்கிறார்கள் என்று. கரையில் இருப்பவர்கள் இதைப் பல நேரம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜி.பி.எஸ். இருக்கிறதே, கண்டுபிடித்துவிடலாமே என்று. ரகசியம் காக்கும் மீனவருக்கோ வாயில்லாத பெட்டி மிகவும் வசதி. ஸ்ராங்கும் அப்படித்தான் நினைத்திருந்தார், 2017 நவம்பர் 30 வரை.

ஒக்கி அன்று காலையில்தான் கன்னியாகுமரிக்கு அருகே புயலாக உருவெடுத்தது. கரையில் எச்சரிக்கை ஒலித்தபோது ஆழ்கடல் படகுகள் கிளம்பி நாட்கணக்காகிவிட்டன. வயர்லெஸ் படகுக்குப் படகு சில பத்து கிலோமீட்டர்தான் எட்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்தவர்களுக்குச் சேதி சொல்ல வழியே இல்லை. புயல் லட்சத்தீவை நோக்கித் திரும்பியது, அவர்கள் இருந்த பக்கமாக.

மறுநாள் இரவு. இன்ஜினை விடாமல் ஓட்டி, முகப்பை அலைக்கு நேராகப் பிடித்திருந்தார் ஸ்ராங்கு. வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தது. பக்கத்து ஊர்ப் படகு. தண்ணீர் ஏறுகிறது, இன்ஜின் நின்றுவிட்டது. அந்தக் குரல் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இரண்டு முறை நிதானமாக வாசித்தது. அவர் நோட்டைத் திறந்து, கிடைத்த பக்கத்தில் எழுதிக்கொண்டார். கருவியில் அடித்துப் பார்த்தால் 14 கடல் மைல். நல்ல நாளில் இரண்டு மணி நேரம். அன்று படகைத் திருப்பினால் பக்கவாட்டு அலை கவிழ்த்துவிடும். தன்னோடு பத்துப் பேர். அவர் திருப்பவில்லை.

இரண்டு படகுகளுக்கும் அந்த இடம் சில மீட்டர் சுத்தமாகத் தெரியும். உலகில் வேறு யாருக்கும் தெரியாது. தேடும் கப்பலும் விமானமும் உள்ளவர்களிடம் அந்த எண்ணைச் சேர்க்க வழியில்லை. மூன்றாம் நாள் லட்சத்தீவில் ஒரு தீவின் மறைவில் ஒதுங்கியபோதுதான் அதிகாரிகளிடம் அதைக் கொடுக்க முடிந்தது. அதற்குள் காற்றும் நீரோட்டமும் அந்த இடத்தை எங்கோ கொண்டுபோயிருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்களைக் கொண்டுபோன புயல் அது. மகாராஷ்டிரத்தின் தேவ்கட் வரை ஓடித் தப்பிய படகுகள் உண்டு. அந்தப் படகு எங்கும் கரை சேரவில்லை.

ஒக்கிக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை நடுக்கடலிலும் மொபைலுக்குக் கொடுக்கும். ஆனால் அதற்கும் காது மட்டும்தான். அடுத்து வந்தது டிரான்ஸ்பாண்டர். இஸ்ரோவின் தொழில்நுட்பம், படகின் இடத்தைக் கரைக்குச் சொல்லும், செய்தியை இரு வழியிலும் கொண்டுபோகும். 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிவைத்தார்.

துறைமுகத்தில் எல்லோருக்கும் இதில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. எங்கே நிற்கிறோம் என்று கரைக்குத் தெரிந்தால் எங்கே மீன் இருக்கிறது என்றும் தெரிந்துவிடாதா? எல்லை தாண்டினால் அபராதம் போட வசதியாகிவிடாதா? வயரைப் பிடுங்கிவிட்டால் போகிறது என்று டீக்கடையில் யோசனை சொல்பவர்களும் உண்டு. இந்தப் பயத்தில் நியாயம் இருப்பதை ஸ்ராங்கும் ஒப்புக்கொள்கிறார். மூன்று தலைமுறை காத்த ரகசியம் அது. "பாரு போனா இன்னொரு பாரைத் தேடலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் படகில் டிரான்ஸ்பாண்டரின் குமிழ் ஏற்கெனவே கூரையின் முன் மூலையில் இருக்கிறது. அதன் வயர் எங்கே போகிறது, எப்படி ஆபத்துச் செய்தி அனுப்புவது என்று சமையல்காரப் பையனுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மாலைக்குள் புதிய ஜி.பி.எஸ். உயிர் பெற்றுவிடுகிறது. முதல் தடவை என்பதால் செயற்கைக்கோள்களைத் தேடிப் பிடிக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. பிறகு துறைமுகத்தின் எண்கள் திரையில் வந்து நிற்கின்றன. இனி பழைய நோட்டிலிருந்து ஒவ்வொரு இடமாக இதில் ஏற்ற வேண்டும். அப்பா வாசிக்க, டிப்ளமோ படித்த மகன் பட்டன்களை அழுத்துகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: மீனின் பெயர், பாரின் பெயர், அதைக் காட்டிக்கொடுத்தவரின் பெயர்.

ஒரு பக்கத்தில் கோணல்மாணலான எழுத்தில் ஒரு எண், பெயரில்லாமல். அதையும் வாசிக்கிறார். மகன் அடித்துவிட்டு, "இங்க என்ன கிடைக்கும்பா?" என்று கேட்கிறான்.

"ஒண்ணும் கிடைக்காது. அந்த வழியா போனா இன்ஜினைக் கொஞ்சம் நிறுத்தணும். அதுக்குத்தான்."

பெயர் என்ன போடுவது என்று மகன் கேட்கவில்லை. பக்கத்து ஊர்ப் படகின் பெயரை அவனே அடிக்கிறான்.